பிள்ள ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் ரெண்டு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால், பந்தியில் உட்காருவதற்குள் யாராவது வழிமறித்துக் கேட்டுவிடுவார்கள். "ஏம்மா, பிள்ள இப்படி வத்திப்போயிருக்கா? ஒழுங்கா சோறு குடுக்கியளா இல்லையா?" இந்தக் கேள்வி எப்போதும் என் மனைவியைப் பார்த்துத்தான் வரும். பிள்ளை என் தோளில்தான் இருப்பாள். ஆனாலும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் அப்பா வீட்டு வாகு, ஒல்லியாக இருந்தால் அம்மா கவனிக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் இதுதான் எழுதாத சட்டம்.

கேள்வியோடு போனால்கூடப் பரவாயில்லை, வைத்தியமும் சேர்ந்தே வரும். நாகர்கோவிலில் இருந்து நேந்திரங்காய்ப் பொடி வாங்கிக் கொடு என்பார் ஒருவர். உரம் விழுந்திருக்கும், எடுத்துட்டு வந்துரு என்பார் இன்னொருவர். கண்ணு பட்டிருக்கும், மிளகாய் வத்தலைச் சுத்தி அடுப்பில் போடு என்பார்கள். மிளகாய் சுற்றிப் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை, வீடு முழுக்க நாலு இருமல், அவ்வளவுதான். ஆனால் உரம் எடுக்கிறேன் என்று பச்சைப் பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அத்தைமார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

சரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் பிறந்தபோது 2.6 கிலோ. முதல் பிறந்தநாளுக்கு 7.8. ஒன்றரை வயதில் 8.8. இரண்டு முடியும்போது 9.9. எதிர்வீட்டில் இவளைவிட ஒரு மாதம் இளைய பிள்ளை பன்னிரண்டரை கிலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வாசலில் விளையாடும்போது பார்க்கிறவர்களுக்கு ஒப்பிடாமல் இருக்க முடியுமா? முதல் வருஷம் அஞ்சு கிலோவுக்கு மேல் ஏறின பிள்ளை அடுத்த வருஷம் முழுக்க ரெண்டே கிலோ ஏறியிருக்கிறாளே என்று என் அம்மாவே விரல் விட்டு எண்ணிக் கவலைப்பட்டார்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்தக் குழந்தையும் முதல் வருஷம் வளர்கிற வேகத்தில் அதற்குப் பிறகு வளர்வதில்லை. ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்கு ஆகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. நான்கு மடங்கு ஆவதற்கு இரண்டு, இரண்டரை வயது ஆகிவிடும். இரண்டாம் வருஷத்தில் இரண்டு, இரண்டரை கிலோ ஏறினாலே அது சரியான வளர்ச்சி. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் பெண் குழந்தைக்கு நடுமட்ட எடை ஒரு வயதில் 8.9 கிலோ, இரண்டு வயதில் 11.5. அதிலேயே வருஷத்துக்கு ஏறுவது 2.6 கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகும். ஒரு வயது வரைக்கும் கிண்ணத்தைக் கண்டாலே வாயைத் திறந்த பிள்ளை, நடக்க ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். அதோடு நாள் முழுக்க ஓட்டம். தொடை மடிப்பெல்லாம் கரைந்து கால் நீண்டு, கழுத்து என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியும். இதைத்தான் நம்மாட்கள் 'இளைச்சுப் போச்சு' என்கிறார்கள்.

அந்த அட்டவணை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்டது, நம்ம ஊருக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் உண்டு. படித்தவர்களே சொல்கிறார்கள். 2006-ல் வெளியான இந்த அளவுகோலுக்காக 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. மொத்தம் சுமார் 8,500 குழந்தைகள். இந்தியாவில் அளந்தது தெற்கு டெல்லியில். தாய்ப்பால் குடித்த, சிகரெட் பிடிக்காத அம்மாவிடம் வளர்ந்த, நோய்நொடிக்கு வைத்தியம் கிடைத்த பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வளர்ந்த சின்னக் குழந்தைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உயர்கிறார்கள் என்பது அதில் தெரியவந்தது. ஆகவே நம்ம ஊருக்குத் தனி மீட்டர் தேவையில்லை.

ஆனால் நடுக்கோட்டை எப்படிப் படிப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நடுக்கோடு பாஸ் மார்க் இல்லை. நன்றாக இருக்கிற பிள்ளைகளிலேயே பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள், நடு என்றால் அதுதானே. கவனிக்க வேண்டிய கோடு அதற்கும் வெகு கீழே இருக்கிறது. இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு 9 கிலோ, ஆண் குழந்தைக்கு 9.7 கிலோ. அதற்குக் கீழே போனால்தான் எடை குறைவு என்று கணக்கு. எங்கள் மகள் பிறந்ததில் இருந்தே நடுக்கோட்டுக்குக் கீழேதான் போகிறாள், ஆனால் ஒரே சீராகப் போகிறாள். எதிர்வீட்டுப் பிள்ளை மேலே ஒரு வழியில் போகிறது, இவள் கீழே ஒரு வழியில் போகிறாள். இரண்டு பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இதை எனக்குப் புரிய வைத்தது டாக்டர் அல்ல, எங்கள் தெருப் பால்வாடி டீச்சர். அங்கன்வாடி என்று போர்டில் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது பால்வாடிதான். எடை போடுகிற நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரே ஆம்பளை நான்தான், ஆயாம்மா இரண்டு தடவை "அம்மா வரலையா?" என்று கேட்டுவிட்டார். கொலுசைக் கழற்றச் சொன்னார் டீச்சர். கவுனையும் கழற்றி, ஜட்டியோடு தராசில் நிறுத்தினார். மகள் நிற்பேனா என்றாள். எண் 9.7, 10.1 என்று ஆடிக்கொண்டே இருந்தது. டீச்சர் அவசரப்படவில்லை. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் வாத்தைக் கொடுத்தார், அதை அவள் குனிந்து பார்த்த நேரத்தில் எண் நின்றது. வாத்தின் எடை போக 9.9. பிறகு பலகையில் படுக்க வைத்து நீளம் அளந்தார். இரண்டு வயது முடியும் வரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டுமாம், அதன்பிறகு நிற்க வைத்து. படுத்தால் முக்கால் சென்டிமீட்டர் வரை கூடத் தெரியும் என்பதால் அட்டவணையிலேயே அதற்குத் தனிக் கணக்கு உண்டு. கடைசியில் இடது கையின் மேற்பகுதியில் ஒரு நாடாவைச் சுற்றினார். சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்று நிறம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எங்கள் மகளுக்குப் பச்சையில் நின்றது.

அப்புறம் தாய் சேய் அட்டையை விரித்து, இளஞ்சிவப்புப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, முந்தின புள்ளிகளோடு சேர்த்தார். "பாருங்க சார், கோடு மேல ஏறிக்கிட்டேதான இருக்கு. படுத்துச்சுன்னாத்தான் கேக்கணும், கீழ இறங்குச்சுன்னா ஓடணும்" என்றார். நானும் குழந்தை வளர்ப்பு பற்றி யூடியூபில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

இந்தக் கோடு போடுகிற யோசனைக்குப் பழைய கதை இருக்கிறது. டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் நைஜீரியாவின் இமேசி என்ற ஊரில் வேலை செய்தபோது, அம்மாக்களே கையில் வைத்துக்கொள்ளும்படி எடை அட்டையை உருவாக்கினார். நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமைப்பட இடம் உண்டு. 1980-ல் உலக வங்கி உதவியோடு இங்கே ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எல்லாருக்கும் சத்துணவு உருண்டை கொடுக்கவில்லை. ரொம்பவும் மெலிந்த பிள்ளைகளுக்கும், எடை ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளைகளுக்கும் தொண்ணூறு நாள் கொடுத்தார்கள். ஏற ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்த்தார்கள். பார்க்கப் புஷ்டியாக இருக்கிற பிள்ளையாக இருந்தாலும் எடை ஏறவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கிராமத்துப் பணியாளர்கள் செய்த இந்த வேலையை, இன்று நம் கல்யாண வீட்டுப் பந்தியில் யாரும் செய்வதில்லை. அங்கே நடப்பது கண்மதிப்பு மட்டும்தான்.

வீட்டில் எடை பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். பரவாயில்லை, ஆனால் வாராவாரம் பார்க்காதீர்கள். இரண்டாம் வயதில் ஒரு மாதத்துக்கு ஏறுவதே 170, 200 கிராம்தான். ஒரு டம்ளர் பால் குடித்தால் 200 கிராம் கூடும், ஒன்றுக்கு இரண்டுக்குப் போனால் அதே அளவு குறையும். ஒரு மாத வளர்ச்சியே அதற்குள் காணாமல் போய்விடும். ஒரே தராசு, சாப்பாட்டுக்கு முன்னால், மாதம் ஒருமுறை. போதும்.

இப்போது என் அக்கா மகனின் கதையைச் சொல்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவன் எங்கள் சொந்தத்தின் ராஜா. ஒன்றரை வயதிலேயே பன்னிரண்டு கிலோவைத் தாண்டிவிட்டான். கன்னம் இரண்டும் பன்னு மாதிரி, பார்க்கிறவர்கள் எல்லாரும் கிள்ளிவிட்டுத்தான் போவார்கள். "என்ன கலரு! பால்ல குளிச்ச மாதிரில்லா இருக்கான்" என்பார்கள். எங்கள் பெரியத்தை ஒருபடி மேலே போய், "ஒம் பிள்ளைய ஒன் நாத்தனார்கிட்ட ஒரு மாசம் விட்டுட்டு வா, தேத்திக் குடுப்பா" என்று என் மனைவியிடமே சொன்னார். மனைவி சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள்.

அந்தப் பையன் சுவரைப் பிறாண்ட ஆரம்பித்தான். வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடமாகப் பார்த்து நகத்தால் நோண்டி வாயில் போட்டுக்கொள்வான். அடித்தும் பார்த்தார்கள், வேப்பெண்ணெய் தடவியும் பார்த்தார்கள். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான். "குண்டுப் பையன்லா, மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று சிரித்தார்கள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் அவன் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து என் அக்காவின் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா கை சிவப்பாக இருந்தது, அவன் கை காகிதம் மாதிரி இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. இந்த வயதுக்குப் பதினொன்றுக்கு மேல் இருந்தால்தான் நல்லது. எல்லாரும் கொண்டாடிய அந்த நிறம் ரத்தசோகை.

காரணம் பால். காலையில் எழுந்ததும் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒன்று, தூங்கப்போகும்போது, எழுந்ததும், சாயங்காலம், ராத்திரி படுக்கும்போது, நடு ராத்திரியில் என்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் பாக்கெட் பால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் பாலில் 600 கலோரி இருக்கும். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கே ஆயிரம் கலோரி அளவுதான் வேண்டும். பிறகு பையனுக்குச் சோற்றின்மேல் எப்படி ஆசை வரும்? ஆனால் அந்த ஒரு லிட்டரில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் தேறினாலே அதிகம். தேவையோ நாளுக்கு 8 மில்லிகிராம். போதாததற்கு, மற்ற சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பால் தடுக்கும். டாக்டர் பாலை 400 மில்லியில் நிறுத்தச் சொன்னார். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளரில் கொடுக்கச் சொன்னார். இரும்பு டானிக் எழுதினார், அதைப் பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார். முதல் வாரம் ராத்திரியெல்லாம் பாட்டிலுக்கு அழுகை. அதற்குப் பிறகு தட்டில் இருப்பதை எடுத்துத் தின்ன ஆரம்பித்தான். சுவரை மறந்தான். இப்போது கொஞ்சம் மெலிந்திருக்கிறான். பெரியத்தைக்கு அதில் ரொம்ப வருத்தம்.

இது ஏதோ எங்கள் வீட்டு விசேஷம் என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் 100-க்கு 22 பேர். ரத்தசோகை இருப்பவர்களோ 100-க்கு 57 பேர். அதாவது எடை குறைந்த பிள்ளைகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான பிள்ளைகளுக்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத குறை இருக்கிறது. வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சிரப் கொடுக்க அரசுத் திட்டமே இருக்கிறது, கிராம சுகாதார நர்ஸ் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பல வீடுகளில் அது பிரிட்ஜ் மேல் தூசி படிந்து நிற்கும். ஈரல், சுவரொட்டி, முட்டை, முருங்கைக்கீரை என்று நம் சமையலறையில் இல்லாததும் இல்லை. கீரையோடு எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காய் சேர்த்தோ கொடுத்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

பால்கூடப் பரவாயில்லை. பாலில் கலக்கிற மாவுகளின் கதை தனி. டப்பா மேல் பிள்ளை பறக்கிற படம், பக்கத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயர். 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிவிட்டது, இப்படி ஒரு பிரிவில் அவற்றை விற்கக் கூடாது என்று. காரணம், நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே கிடையாது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள், சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருக்கும். இரண்டு வயதுக்குள் இனிப்புப் பானமே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியானால் எடை குறைந்த பிள்ளைக்கு என்னதான் கொடுப்பது? எங்கள் வீட்டில் விசேஷமாக எதுவும் வாங்கவில்லை. கஞ்சியைக் கெட்டியாக்கினோம், அவ்வளவுதான். சின்னப் பிள்ளையின் வயிறு ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி கொள்ளும் என்பது கணக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லி. அந்த இடத்தில் எதைப் போடுகிறோம் என்பதுதான் விஷயம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் வயிறு நிறைந்துவிடும், உள்ளே போவது முப்பது நாற்பது கலோரி. அதே இடத்தில் குழைந்த பருப்புச் சோறும் ஒரு ஸ்பூன் நெய்யும் போனால் 200 கலோரிக்கு மேல். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, மெதுவாக விழ வேண்டும், அதுதான் பதம். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அதிக மாவு போட்டாலும் கூழ் இறுகாது. நம் பாட்டிகள் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்துத் திரித்ததெல்லாம் காரணத்தோடுதான். பால்வாடியில் மாதாமாதம் கொடுக்கிற சத்துமாவை வாங்கிக் கோழிக்குப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோழி நன்றாகத்தான் வளர்கிறது.

கோவில்பட்டிக்காரன் வேர்க்கடலையைச் சொல்லாமல் போனால் ஊரில் சேர்க்க மாட்டார்கள். வறுத்துத் தோல் நீக்கி நைசாகப் பொடித்துச் சாதத்திலோ கூழிலோ ஒரு ஸ்பூன் கலந்தால் நல்ல சத்து. ஆனால் முழுக் கடலையையோ கடலை மிட்டாயையோ சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும்.

கொடுப்பது பற்றிச் சொன்னேன். திணிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மத்தியானச் சாப்பாடு ஒரு போர். மாமியார் கிண்ணத்தோடு முன்னால், மனைவி போனில் பாட்டு போட்டுக்கொண்டு பக்கத்தில். பிள்ளை திரையைப் பார்த்து வாயைப் பிளக்கிற நேரமாகப் பார்த்து ஒரு உருண்டை உள்ளே போகும். அதை அவள் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வாள். பாட்டு முடிந்ததும் துப்புவாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாவாடையிலும் தரையிலும் பாதிச் சோறு. குழந்தைகள் டாக்டரிடம் போனபோது அவர் சத்து டானிக் எதுவும் எழுதவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான், அதற்குமேல் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டவும் வேண்டாம் கெஞ்சவும் வேண்டாம் என்றார். அடுத்த வேளைக்கு இரண்டரை மூன்று மணி நேரம் இருக்கும், நடுவில் பிஸ்கட்டோ பாலோ கிடையாது, தண்ணீர் மட்டும். என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது, எங்கே உட்கார வைப்பது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் பொறுப்பு என்றார். இது எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் சொன்ன முறை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மாமியாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பிள்ள பட்டினி கெடந்து சாவட்டும்ங்கியளா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவர் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வேளை சோறு வீணாகப் போனால் மனசு பதறுகிற தலைமுறை அது. ஆனால் பசி வந்த பிள்ளை தானாகத் தட்டைத் தேடி வந்ததை அவரும் பார்த்தார். புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். இரண்டாம் நாளே "பீன்ஸ் பிடிக்காது அவளுக்கு" என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

1920-களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். அப்போதுதான் பால் மறந்த குழந்தைகள் முன்னால் விதவிதமான உணவுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, யாரும் திணிக்காமல், எதையும் சிபாரிசு செய்யாமல், அவர்களையே தேர்ந்தெடுக்க விட்டார். ஒரு வேளை வெறும் முட்டை, ஒரு வேளை வெறும் பழம் என்று தாறுமாறாகச் சாப்பிட்டாலும், மொத்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாகவே வளர்ந்தார்கள். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் கிண்ணங்களில் சர்க்கரையும் பாக்கெட் தின்பண்டமும் இல்லை. தேர்ந்தெடுப்பது பிள்ளையாக இருந்தாலும் கிண்ணத்தை நிரப்புவது நாம்தான்.

எடை ஏற வேண்டும் என்று கண்டதையும் திணிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நம் பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. ஆனால் தசையில் குறைந்த அளவுக்குத் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பில் நம் பிள்ளைகள் குறையவில்லை. டெல்லியில் பிறந்தவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்விலும், இரண்டு வயது வரை மெலிந்திருந்து பிறகு மளமளவென்று எடை போட்டவர்களுக்குத்தான் இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு அதிகம் வந்தது. பிள்ளை தேறணும்தான், ஆனால் தசையும் உயரமுமாகத் தேறணும். பன்னுக் கன்னத்துக்காக அல்ல.

இவ்வளவும் படித்துவிட்டு "அப்போ கவலையே பட வேண்டாமா" என்று யாரும் கேட்க வேண்டாம். கவலைப்பட வேண்டிய இடம் இருக்கிறது. மூன்று மாதமாக எடை நகரவே இல்லை, அல்லது இறங்கியிருக்கிறது. அட்டையில் கோடு ஒரு பட்டையில் இருந்து அடுத்த பட்டைக்குச் சரிகிறது. கை நாடா மஞ்சளுக்கு வந்துவிட்டது. காலை அழுத்தினால் குழி விழுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, அல்லது விடாத இருமலும் காய்ச்சலும், வீட்டில் யாருக்காவது காசநோய். ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை. பிள்ளை விளையாடாமல் சுருண்டு சுருண்டு படுக்கிறது. இதில் எது இருந்தாலும் உரம் எடுக்கிறவரிடம் அல்ல, டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீரில் கிருமி, பூச்சி, காசநோய் என்று பல காரணம் இருக்கலாம். பிள்ளைக்குப் பூச்சி இருக்கும் என்று பெரியத்தை ஒருமுறை சொன்னார், அதில் தப்பில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு வயதுக்குமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. ரொம்பவும் மெலிந்த பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனிச் சத்துணவு கொடுக்க, 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் இருக்கிறது. பால்வாடி வழியாகத்தான் அதுவும் நடக்கிறது.

இதைப் படிக்கிற அப்பாக்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் பிள்ளையின் தாய் சேய் அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கேட்காமல் தேடி எடுங்கள். கடைசியாக எப்போது புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், இந்த மாதம் எடை போடுகிற நாள் எது என்று பால்வாடியில் விசாரித்து, பிள்ளையை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். அடுத்த கல்யாண வீட்டில் யாராவது உங்கள் மனைவியைப் பார்த்து "பிள்ள ஏன் இளைச்சுப் போச்சு" என்று கேட்டால், மனைவியை முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லுங்கள்.